உமி கேட்கும் இடம்

உளுந்தூர்பேட்டையில் திருச்சி நெடுஞ்சாலையை விட்டு மேற்கே சேலம் சாலையில் திரும்பினால், தியாகதுருகம் வருவதற்குள்ளேயே உமி லாரிகள் எதிர்ப்பட ஆரம்பித்துவிடும். பக்கப் பலகைகளுக்கு மேல் கம்பு நட்டு, சாக்குப் படுதாவைச் சுற்றிக் கட்டி, அதற்குள் உமியை நிரப்பியிருப்பார்கள். லாரியின் இரண்டு விலாவும் பிதுங்கி நிற்கும். எதிர்க்காற்று அடிக்கும்போது படுதாவின் இடுக்கு வழியே உமி பறந்து, பின்னால் பைக்கில் வருகிறவரின் கண்ணில் விழும். இரண்டு முனையும் கூராக இருப்பதால் அது இமைக்குள் குத்திக்கொண்டு நிற்கும், துடைத்தால் வராது.

என் அத்தை மகன் ராசிபுரம் பக்கத்துக் கறிக்கோழிப் பண்ணைகளுக்கு உமி வாங்கிக் கொடுக்கும் வியாபாரம் செய்கிறார். கோழிக் கொட்டகையின் தரையில் ஆழ்கூளமாகப் பரப்புவதற்கு உமிதான் வசதி. இத்தனை வருடமாகப் படுதா கட்டிய லாரியில்தான் ஏற்றிவந்தார். அள்ளுவதற்கு ஆள் கிடைப்பதில்லை, வழியெல்லாம் சிந்துகிறது, மழை வந்தால் பாதி லோடு நனைந்துபோகிறது. இனி, பாலிபுரொப்பிலின் துணியில் தைத்த பெரிய பையான ஜம்போ பேக்கில் ஏற்றலாம் என்று முடிவு செய்திருந்தார். எந்த உயரத்தில் வாங்குவது என்பதுதான் பாக்கி. “உமி லேசான சரக்குதானே மச்சான், இருக்கிறதிலேயே உசரமான பையா வாங்கிட்டா போச்சு” என்று போனில் சொன்னார். தை மாதம், அறுவடை முடிந்து மில்கள் முழுமூச்சாக ஓடும் நேரம். கள்ளக்குறிச்சியில் மில்களைப் பார்த்துவிட்டு அப்படியே கல்வராயன் மலைக்கும் போய்வரலாம் என்று நானும் சேர்ந்துகொண்டேன்.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26-இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. நெல், கரும்பு, மரவள்ளி, மக்காச்சோளம், பருத்தி என்று எதுவும் விளையும் பூமி. இந்தப் பயிர்கள் ஒவ்வொன்றும் விலைபோகும் கனமான பொருளோடு கூடவே ஒரு லேசான பொருளையும் தருகின்றன. அரிசியோடு உமியும் தவிடும், சர்க்கரையோடு கரும்புச் சக்கையும், ஜவ்வரிசியோடு திப்பியும், மக்காச்சோளத்தோடு மணி உதிர்த்த கட்டையும் வருகின்றன. பருத்தியோ அதுவே லேசான சரக்கு. அரிசியும் சர்க்கரையும் எடை போட்டு, மூட்டை கட்டி, சட்டென்று ஊரை விட்டுப் போய்விடுகின்றன. லேசான சரக்குக்குத்தான் இடமும் வேண்டும், ஆளும் வேண்டும், நாளும் வேண்டும். அதை அள்ளுவதற்கு ஆகும் செலவு பல சமயம் அதன் விலையையே தின்றுவிடுகிறது. பை விஷயம் இந்த மாவட்டத்தில் சின்ன விஷயமே இல்லை.

நாங்கள் போன மில் ஊருக்கு வெளியே இருந்தது. நெல் கொட்டும் குழி, வேகவைக்கும் தொட்டி, உலர்த்தும் கோபுரம் எல்லாம் தாண்டிப் பின்புறம் போனால் உமிக் கொட்டகை. உமி நீக்கும் இயந்திரத்திலிருந்து ஒரு பெரிய குழாய் கூரைக்கு மேலாக வந்து, காற்றோடு சேர்த்து உமியைக் கொட்டகைக்குள் துப்பிக்கொண்டிருந்தது. நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. நூறு டன் நெல் அரைத்தால் இருபது டன் உமி நிற்கும். அந்த இருபது டன்னுக்கு 200 கன மீட்டர் இடம் வேண்டும். பத்து மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலத்தில் ஒரு கூடம் கட்டி, ஆள் உயரத்துக்கு மேல் நிரப்பினால்தான் கொள்ளும். பாதி உமி மில்லின் கொதிகலனுக்கே போய்விடுகிறது. மீதி செங்கல் சூளைக்கும் கோழிப் பண்ணைக்கும் போகிறது. எரிந்த உமியின் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. உருக்காலைகளில் உருகிய இரும்பு சூடு ஆறாமலிருக்க மேலே தூவுவதற்கு அதை வாங்குகிறார்கள்.

மில்லின் மேஸ்திரிக்கு அறுபது வயதிருக்கும். என் அத்தை மகன் பையின் உயரத்தைப் பற்றிக் கேட்டதும் அவர் உடனே பதில் சொல்லவில்லை. ஒரு பழைய 200 லிட்டர் டிரம்மை உருட்டிவரச் சொன்னார். உமியை வழிய வழிய நிரப்பி, ஒரு பலகையால் தலைதட்டி, தராசில் ஏற்றினார். டிரம்மின் எடை போக 21 கிலோ.

“அஞ்சால பெருக்குங்க தம்பி. ஒரு கன மீட்டருக்கு நூத்தி அஞ்சு கிலோ. இப்ப பாருங்க.”

டிரம்மை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டி, தரையில் மெல்லத் தட்டினார். உமி கீழே இறங்கியது. காலி ஆன இடத்தை மறுபடி நிரப்பி எடை போட்டபோது 24 கிலோ காட்டியது. “லாரி குலுங்குறப்ப இப்படித்தான் அடங்கும். பைக்குத் தெரியாது, பைக்காரனுக்குத் தெரியணும்” என்றார்.

பை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கேட்கிற முதல் கேள்வி ‘எத்தனை கிலோ தாங்கும்?’ என்பது. சிமென்டுக்கும் சர்க்கரைக்கும் அது சரியான கேள்வி. உமிக்கு அந்தக் கேள்வியால் ஒரு பயனும் இல்லை. சந்தையில் பரவலாகக் கிடைக்கும் ஜம்போ பேக் 90 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரமான அடிப்பாகமும் 120 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. 1,000 கிலோ தூக்கலாம் என்று சீட்டில் போட்டிருக்கும். அதில் உமியை முழுக்க நிரப்பினாலும் 120, 130 கிலோதான் பிடிக்கும். ஏழில் ஒரு பங்கு பலத்தைக்கூட உமி கேட்பதில்லை. அது கேட்பது இடம் மட்டும்தான். துணியின் கனத்துக்காகக் கொடுக்கிற காசை, பையின் கொள்ளளவுக்குக் கொடுப்பதே புத்தி.

கொள்ளளவைக் கூட்ட இரண்டு வழி உண்டு: உயரத்தைக் கூட்டலாம், அடியைக் கூட்டலாம். உயரத்தைக் கூட்டுவது எளிது. தைக்கிறவருக்குத் துணியை நீளமாக வெட்டினால் போதும், லாரியில் தரை இடமும் கூடுதலாகப் பிடிக்காது. அதனால்தான் லேசான சரக்கு என்றதும் எல்லோரும் உயரமான பையைத் தேடுகிறார்கள். ஆனால் உயரத்துக்கு ஒரு வரம்பு இருக்கிறது. இந்த வகைப் பைகளுக்கான உலகத் தர விதியான ஐ.எஸ்.ஓ. 21898, நிரப்பிய பையின் உயரம் அதன் குறுகிய அடிப் பக்கத்தைப் போல இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. 90 சென்டிமீட்டர் அடியென்றால் உயரம் 180-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் பை நிற்காது. நின்றாலும் நம்ப முடியாது. நம் வீடுகளில் நெல் கொட்டிவைத்த குதிர்களை நினைத்துப் பாருங்கள். ஆள் உயரத்துக்கு மேலே போனவைதான், ஆனால் அடி உறை எவ்வளவு அகலமாக இருந்தது! சுவரை ஒட்டித்தான் நிறுத்துவார்கள்.

இன்னொரு கணக்கு இருக்கிறது. விற்கிறவர்கள் அதைச் சொல்வதில்லை, வாங்குகிறவர்கள் கேட்பதில்லை. 90-க்கு 90 என்று சீட்டில் போட்டிருக்கும் பை, காலியாக மடித்து வைத்திருக்கும் வரைதான் சதுரம். உள்ளே சரக்கு விழுந்ததும் நான்கு பக்கமும் புடைத்து வட்டமாகிவிடும். சுற்றளவு 360 சென்டிமீட்டர் என்றால் வட்டத்தின் குறுக்களவு ஏறத்தாழ 115. அகலமான அடி வேண்டுமென்று 110-க்கு 110 வாங்கினால் அது புடைத்து 140 ஆகும். சாலையில் ஓடும் லாரியின் மொத்த அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது. பலகைக்கு உள்ளே இன்னும் குறைவு. 140 சென்டிமீட்டர் பை இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்த முடியாது. ஒன்று நடுவில் நிற்கும், இரண்டு புறமும் இடம் வீணாகும்.

இதற்கு மருந்து, உள்ளே தடுப்புத் துணி வைத்துத் தைத்த பை. நான்கு மூலைகளிலும் குறுக்காகத் துளையிட்ட துணிப் பட்டைகளைச் சேர்த்துத் தைத்திருப்பார்கள். சரக்கு துளை வழியே மூலைக்குப் போகும், பட்டை பக்கங்களைப் பிடித்து இழுத்துச் சதுரமாக வைத்திருக்கும். விலை கூடுதல்தான். வட்டப் பையைவிடச் சற்றுக் குறைவாகவே கொள்ளும். ஆனாலும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்பதால் லாரி மொத்தத்தில் அதிகச் சரக்கு ஏறும். கைவிட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஒரு மாதிரிப் பையை மேஸ்திரி திருப்பிப் போட்டு மூலையைக் காட்டினார். தடுப்புத் துணியின் துளைகள் கட்டைவிரல் அகலத்துக்குத்தான் இருந்தன. “இதுல உமி மாட்டிக்கும். தானியம் போகும், உமி போகாது. துளை உள்ளங்கை அகலம் வேணும்” என்றார். உமி ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடித்துக்கொள்ளும் சரக்கு. பையின் படத்தைப் பார்த்து ஆர்டர் கொடுப்பவருக்கு இது எப்படித் தெரியும்?

ஏற்றுவதுதான் அடுத்த சிக்கல். லாரியின் தளம் தரையிலிருந்து நாலடி, அதாவது சுமார் 1.2 மீட்டர். அதன்மேல் 1.8 மீட்டர் பையை ஃபோர்க்லிஃப்டால் தூக்கி வைக்க வேண்டுமென்றால், பையின் காதுகள் மாட்டியிருக்கும் முள் மூன்று மீட்டருக்கும் மேலே போக வேண்டும். பல மில்களில் இருக்கும் வண்டி மூன்று மீட்டர்தான் தூக்கும். உயரமான பையை ஆசையாக வாங்கி வந்தபின், ஏற்ற முடியாமல் கொட்டகையில் மடித்துப் போட்டிருப்பதை மேஸ்திரி இரண்டொரு இடத்தில் பார்த்திருக்கிறாராம். அவர் சொன்ன வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஏற்றவே வேண்டாம் என்றார் அவர். காலிப் பைகளை லாரித் தளத்திலேயே கம்பிச் சட்டத்தில் மாட்டி நிறுத்திவிட்டு, உமி துப்பும் குழாயை ஒவ்வொரு பையின் வாய்க்கும் திருப்பிவிட வேண்டும். பை நின்ற இடத்திலேயே நிரம்பும். இறக்குகிற இடத்திலும் தூக்க வேண்டாம். பையை லாரியின் ஓரத்துக்கு இழுத்து, அடியில் இருக்கும் குழாயின் கட்டை அவிழ்த்தால் உமி தானே கொட்டும். 200 கிலோ பையை நான்கு பேர் சேர்ந்தால் இழுத்துவிடலாம்.

இந்த வழியில் நிரப்பும்போது பையின் வாயும் துணியும் முக்கியம். குழாயிலிருந்து உமியோடு வரும் காற்று வெளியே போக வழி வேண்டும். குறுகிய வாய் வைத்த பை என்றால் காற்று திரும்பி அடிக்கும், உமி முகத்தில் வீசும். வாய் முழுவதும் திறந்து, சுருக்குக் கயிறு கோத்த பாவாடைத் துணி வைத்த பைதான் இதற்கு ஏற்றது. குழாயைச் சுற்றித் தளர்வாகக் கட்டிக்கொள்ளலாம். பையின் துணிக்கும் மேல்பூச்சு வேண்டாம். நெய்த துணியின் கண்கள் வழியே காற்று வெளியேறும், உமி வெளியேறாது. மாவுக்கு இதெல்லாம் நேர்மாறு. அதைப் போகப்போகப் பார்த்தோம்.

நிரப்பி ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் பையின் தலை தொங்கியிருக்கும். டிரம்மில் பார்த்த அதே அடக்கம்தான். தலை தளர்ந்த உயரமான பை ஒரு பக்கம் சாய ஆரம்பிக்கும், பக்கத்துப் பையையும் சாய்க்கும். பாதி நிரம்பியதும் ஒரு தடவை, முக்கால் நிரம்பியதும் ஒரு தடவை குலுக்கி அடக்கி, பிறகு மேலே நிரப்பி இறுகக் கட்ட வேண்டும். அவசரத்தில் விட்டுவிடுகிற வேலை இது. விட்டால் முதல் வளைவிலேயே தெரிந்துவிடும்.

மில்லில் சுமைதூக்கும் தொழிலாளர்கள் வேப்பமரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஜம்போ பேக் வந்தால் உங்கள் வேலை போகாதா என்று கேட்டேன். மூத்தவர் ஒருவர், “மூட்டை தூக்கித் தூக்கி எங்க முதுகு போயிடுச்சு சார். உமி வேலையில மூச்சு போகுது. தூக்குற வேலை போனா பரவாயில்ல, கட்டுற வேலை, பார்க்குற வேலை எங்களுக்கே கொடுக்கச் சொல்லுங்க” என்றார். நியாயமான கோரிக்கை. நிரப்பும்போது குழாயைத் திருப்ப, குலுக்க, கட்ட, அவிழ்க்க எல்லாவற்றுக்கும் கை தேவை. அந்தக் கை சரக்கை அறிந்த கையாக இருப்பதே எல்லோருக்கும் நல்லது.

அங்கிருந்து சின்னசேலம் போனோம். சேலம் மாவட்டத்தில் தொடங்கிய ஜவ்வரிசித் தொழில் ஆத்தூர் வழியாக இந்தப் பக்கம் வரை பரவியிருக்கிறது. வழி நெடுக மரவள்ளிக் காடு. 1981-இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவு சங்கத்தின் ஏலத்துக்கு இந்தப் பக்கத்துச் சரக்கும் போகிறது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. அந்த வணிகத்தில் மூட்டை என்றால் 90 கிலோ என்பது நெடுநாள் கணக்கு. ஒரு ஆண் தொழிலாளி கையால் தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்துவிட்டது. நெல் கொள்முதல் நிலையங்களில் மூட்டை 40 கிலோ ஆகிவிட்டது. ஜவ்வரிசி மட்டும் ஏன் 90-ல் நிற்க வேண்டும்?

ஆலைக்குள் போனதும் புளித்த வாடை. கிழங்கைக் கழுவி, தோலுரித்து, அரைத்து, பாலைச் சல்லடையில் வடித்தபின் மிஞ்சும் நார்தான் திப்பி. சிமென்ட் களத்தில் காயப்போட்டிருந்தார்கள். ஈரத்தில் கல்லாகக் கனக்கும் திப்பி, காய்ந்ததும் கைப்பிடியில் எடையே தெரியாத சருகாகிவிடுகிறது. மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது. இதற்கும் உயரமான சதுரப் பை பொருந்தும், ஆனால் நன்றாகக் காய்ந்தபின்தான் நிரப்ப வேண்டும். பாதி ஈரத்தில் கட்டினால் உள்ளே சூடேறிப் பூசணம் பிடிக்கும்.

மாவுக் கிடங்கில் வேறு கதை. அங்கே நிற்கும்போதே புருவமெல்லாம் வெள்ளையாகிவிட்டது. நுண்மையான மாவு நெய்த துணியின் கண்கள் வழியே, தையல் ஓட்டைகள் வழியே கசியும். அதனால் மேல்பூச்சும் உள்ளுறையும் வேண்டும், தையலில் தூசி தடுக்கும் கயிறு வைத்திருக்க வேண்டும். அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. காய்ந்த மாவு காற்றில் பறக்கும்போது ஒரு சிறு பொறி போதும், வெடிக்கும். 2008 பிப்ரவரி 7-ஆம் தேதி அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இம்பீரியல் சுகர் ஆலையில் வெடித்தது வெறும் சர்க்கரைத் தூசிதான். 14 பேர் இறந்தார்கள். பாலிபுரொப்பிலின் பைக்குள் மாவு வேகமாக விழும்போதும் கொட்டும்போதும் நிலைமின்சாரம் சேரும். அதற்காகவே இந்தப் பைகளை ஏ, பி, சி, டி என்று நான்கு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். ஏ வகையில் எந்தப் பாதுகாப்பும் கிடையாது. உமிக்கும் திப்பிக்கும் வெட்டவெளியில் அது போதும். சி வகையில் கடத்தும் இழைகள் நெய்திருக்கும்; அதை நிரப்பும்போது தரையோடு கம்பியால் இணைத்தே ஆக வேண்டும், இணைக்காவிட்டால் ஏ வகையைவிட ஆபத்து. விலை மலிவு என்பதற்காக மாவுக் கிடங்கில் ஏ வகையை வாங்கி அடுக்குவது அங்கே வேலை செய்கிறவர்களின் உயிரோடு விளையாடுவது. இதில் இரண்டாவது பேச்சே கிடையாது.

சின்னசேலத்திலிருந்து வடக்கே கச்சிராயபாளையம். கள்ளக்குறிச்சியின் இரண்டாவது கூட்டுறவு சர்க்கரை ஆலை இங்கேதான் இருக்கிறது. அரவைக் காலம். சாலையில் கரும்பு டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றன. கரும்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகச் சக்கை மிஞ்சும். அதற்குப் பையே கிடையாது. ஆலையிலிருந்து நேராகப் பட்டையில் ஏறிக் கொதிகலனுக்குப் போய்விடும். சரக்கு விளைந்த இடத்திலேயே செலவாகுமானால் பைக்கு வேலையே இல்லை என்பதை அங்கே நின்று பார்த்தபோது, நெல் மில்களும் தங்கள் உமியை இன்னும் கொஞ்சம் அக்கறையோடு சொந்தக் கொதிகலனிலேயே எரிக்கலாமே என்று தோன்றியது.

கச்சிராயபாளையத்தைத் தாண்டி மலையை நோக்கிப் போனால், 46 அடி நீர்மட்டம் கொள்ளும் கோமுகி அணை. மலையின் காலடியிலேயே இருக்கிறது. அணையைத் தாண்டியதும் சாலை ஏறத் தொடங்குகிறது. கல்வராயன், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன். வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்தது. எதிரே மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய மினி லாரிகள் பிரேக் நாற்றத்தோடு இறங்கின. கரியாலூரில் டீ குடித்துவிட்டு வெள்ளிமலைக்குப் போனோம். மேகம் அருவி, பெரியார் அருவி எல்லாம் மழைக்காலத்தில் பார்க்க வேண்டியவை.

இந்த மலையின் பெயர் செய்திகளில் வரும்போதெல்லாம் சாராயத்தோடு சேர்ந்தே வருகிறது. அது எனக்கு வருத்தம். இங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினர், காஞ்சியிலிருந்து தங்கள் முன்னோர் வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் உழவர்கள்; சாமை, தினை, கேழ்வரகு விதைப்பவர்கள், கடுக்காயும் புளியும் பொறுக்குபவர்கள். 1976 வரை மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்துவிட்டு, அதன் பிறகே அரசு நிர்வாகத்துக்குள் வந்தவர்கள். சாலையும் பள்ளியும் மருத்துவமும் அவர்களுக்குப் பிந்தித்தான் கிடைத்தன, பல ஊர்களுக்கு இன்னும் சரியாகக் கிடைக்கவில்லை.

வெள்ளிமலையிலிருந்து உள்ளே ஒரு சிற்றூர். வண்டி போகிற வழி பாதியிலேயே நின்றுவிட்டது. நடந்து போனோம். சாணி மெழுகிய களத்தில் ஒரு ஆயா முறத்தால் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். முறம் எழும்பி இறங்கும் ஒவ்வொரு தடவையும் மெல்லிய பதர் ஒரு பக்கமாகப் பறந்து, சாமை மற்றொரு பக்கமாகத் திரண்டது. சுவரோரம் யூரியா சாக்குகளை வரிசையாக வைத்திருந்தார். உயரமான சாக்கு ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் பாதிக்குச் சற்று மேலே நிரப்பி, காதை முறுக்கிக் கட்டியிருந்தார்.

என் அத்தை மகன், “ஏன் ஆயா, முழுசா ரொப்புனா பாதி சாக்குப் போதுமே?” என்று கேட்டார்.

“இந்த மேட்டுல தலையில வெச்சு எறங்குறது யாரு தம்பி, நீயா? உசரமா இருந்தா பின்னால இழுத்துத் தள்ளிடும். குட்டையா கட்டுனா கழுத்து தாங்கும்” என்றார். பிறகு முறத்தைக் கீழே வைத்துவிட்டு இன்னொன்றும் சொன்னார். கீழேயிருந்து வாங்க வருகிற வியாபாரிகளில் சிலர் மூட்டைக்கு இவ்வளவு என்று விலை பேசுவார்களாம். பேசி முடித்தபின் நீளமான சாக்கைக் கொண்டுவந்து விரிப்பார்களாம். “ஒரு முழம் நீட்டுனா பல படி போகும். யாரு கேக்குறது?”

ஜம்போ பேக்கின் உயரத்தைப் பற்றி நாங்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததற்கும் இந்த ஆயாவின் ஒரு முழத்துக்கும் நடுவில் எந்த வித்தியாசமும் இல்லை. லேசான சரக்கை மூட்டைக் கணக்கில் விற்றால், பையின் உயரத்தை முடிவு செய்கிறவர்தான் விலையையும் முடிவு செய்கிறார். உமியானாலும் சாமையானாலும் திப்பியானாலும் எடை போட்டுத்தான் கைமாற வேண்டும். ஊருக்கு ஒரு மின்தராசு வைப்பது பெரிய செலவில்லை. மலைவாழ் மக்களின் கூட்டுறவு சங்கங்கள் இதை முதல் வேலையாகச் செய்ய வேண்டும்.

இறங்கும்போது எங்கள் வண்டி ஓட்டுநரும் பேச்சில் கலந்துகொண்டார். என் அத்தை மகன் 110-க்கு 110 சென்டிமீட்டர் அடிப்பாகத்தில் 220 உயரம் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். இரண்டு மடங்கு, விதியின் விளிம்பில்தான் நிற்கிறது, விதியை மீறவில்லை. “சமதளத்துக்கு ஓகேண்ணே. வளைவுல திருப்புறப்ப அது தனியா ஆடும், நான் அதுக்குத் தனியா ஸ்டியரிங் பிடிக்க முடியாது” என்றார் ஓட்டுநர். லாரித் தளத்தோடு சேர்த்தால் மொத்தம் 3.4 மீட்டர் ஆகும். ஊருக்குள் தாழத் தொங்கும் ஒயர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். கடைசியில் 110-க்கு 110 அடிப்பாகம், 180 உயரம், உள்ளே தடுப்புத் துணி, துளை உள்ளங்கை அகலம், மேல்பூச்சு இல்லாத துணி, பாவாடை வாய், அடியில் அகலமான குழாய் என்று முடிவானது. பைக்கு 200 கிலோவுக்கு மேல் உமி பிடிக்கும். பலமுறை பயன்படுத்தப் போவதால் 5-க்கு 1 வகையை விட்டு, 6-க்கு 1 பாதுகாப்பு விகிதம் கொண்டதைக் கேட்டோம்; அதாவது குறித்த எடையைப் போல ஆறு மடங்கைச் சோதனையில் தாங்கியிருக்க வேண்டும். 5-க்கு 1 என்பது ஒரே பயணத்துக்கான பை. வெயிலில் போட்டால் பாலிபுரொப்பிலின் உளுத்துப்போகும் என்பதால் காலிப் பைகளைக் கொட்டகைக்குள் மடித்து வைக்க வேண்டும் என்று அத்தை மகன் சொல்லியிருக்கிறார்.

பை தைக்கும் நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள். காதில் தொங்கும் சீட்டை ஆங்கிலத்தில் மட்டும் அச்சடிக்காமல், தாங்கும் எடையையும் நிற்கும் உயரத்தின் வரம்பையும், தொங்கும் பையின் கீழே நிற்கக் கூடாது என்ற எச்சரிக்கையையும் தமிழிலும் அச்சடியுங்கள். கட்டுகிறவர்களும் அவிழ்க்கிறவர்களும் படிக்க வேண்டிய சீட்டு அது.

லேசான சரக்குக்குப் பை வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு 200 லிட்டர் டிரம்மில் உங்கள் சரக்கைத் தளர்வாக ஒரு தடவை, தட்டி அடக்கி ஒரு தடவை நிரப்பி எடை போட்டு ஐந்தால் பெருக்குங்கள். லாரியின் உள்ளகலத்தை டேப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். உயரத்தைக் கடைசியில் முடிவு செய்யுங்கள். அடியைப் போல இரண்டு மடங்கைத் தாண்டுகிற பையை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், வாங்காதீர்கள்.